காமிக்ஸை விரட்டிய நூலகர்களே அதைப் பாடமாக வைத்த கதை

அமெரிக்காவில் நூலகர் ஆக வேண்டும் என்றால் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். பட்டியலாக்கம், பகுப்பு முறை, தகவல் தேடல், நிர்வாகம் என்று பாடங்கள் போகும். கேட்கும்போதே கொட்டாவி வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இந்த வரிசையில் இன்று பல பல்கலைக்கழகங்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காமிக்ஸ்! நாளைய நூலகர்கள் வகுப்பில் உட்கார்ந்து "மௌஸ்" படிக்கிறார்கள், "பெர்செபோலிஸ்" படிக்கிறார்கள், ஜப்பானிய மாங்காவை வலமிருந்து இடமாகப் புரட்டிப் பழகுகிறார்கள். அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். எண்பது வருடங்களுக்கு முன்னால் காமிக்ஸை ஒழித்துக்கட்ட முன்வரிசையில் நின்றவர்கள் இதே நூலகர்கள்தான் என்பதுதான் விஷயம்.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் புரியும். நூலகர்களுக்கென்று தனிப் பள்ளியை முதலில் தொடங்கியவர் மெல்வில் டூயி. இன்றும் உலகம் முழுக்க நூலக அலமாரிகளில் ஒட்டியிருக்கும் தசம எண்களைக் கொடுத்த அதே டூயி. 1887ல் நியூயார்க்கின் கொலம்பியாக் கல்லூரியில் அந்தப் பள்ளி தொடங்கியது. அடுத்து 1893ல் சிகாகோவில் ஒரு பள்ளி வந்தது. அது 1897ல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. (இந்தப் பள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.) 1901ல் பிட்ஸ்பர்க்கில் குழந்தைகள் நூலகர்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளி வந்தது.

இந்தப் பயிற்சியில் முக்கியமாகக் கற்றுக்கொடுக்கப்பட்டது தேர்வு. குழந்தை கையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது? நல்ல தாள், நல்ல படம், நல்ல மொழி உள்ள புத்தகம் உள்ளே வரலாம். மலிவான தொடர்கதைப் புத்தகம் வெளியே நிற்க வேண்டும். குழந்தைகள் விழுந்து விழுந்து படித்த துப்பறியும் தொடர்களைக்கூட பல நூலகங்கள் வாங்க மறுத்தன. குழந்தைக்குப் பிடித்திருக்கிறது என்பதே ஒரு புத்தகத்தின் மேல் சந்தேகம் வரப் போதுமான காரணமாக இருந்தது போலும்!

இப்படிப்பட்ட இடத்தில் 1938ல் சூப்பர்மேன் பறந்து வந்தால் என்ன ஆகும்?

விலை பத்து சென்ட். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். குழந்தைகள் தங்கள் சொந்தக் காசில் வாங்கினார்கள், படித்து முடித்ததும் நண்பர்களோடு மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியர், அம்மா, நூலகர் யாருடைய சிபாரிசும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. வணிகம் படிப்பவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். இடைத்தரகர் இல்லாத நேரடிச் சந்தை. அந்த இடைத்தரகர் வேலையைத்தான் நூலகர்கள் ஐம்பது வருடமாகப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கோபம் வராதா?

முதல் குண்டைப் போட்டவர் ஸ்டெர்லிங் நார்த். சிகாகோ டெய்லி நியூஸ் பத்திரிகையின் இலக்கிய ஆசிரியர். 1940 மே மாதம் காமிக்ஸை ஒரு தேசிய அவமானம் என்று எழுதினார். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து நூலகத்திலும் நல்ல புத்தகக் கடையிலும் கிடைக்கும் என்பது அவர் வாதம். கட்டுரை நாடெங்கும் மறுபிரசுரம் ஆனது. நூலகர்களுக்கு இதைவிட இனிமையான பேச்சு வேறென்ன இருக்க முடியும்? அடுத்த ஆண்டே "வில்சன் லைப்ரரி புல்லட்டின்" என்ற நூலகர் பத்திரிகை நூலகங்களே ஆயுதம் எடுங்கள் என்ற தொனியில் எழுதியது. சூப்பர்மேனுக்குப் பதிலாக எந்த வீரக்கதையைக் கொடுக்கலாம் என்று நூலகர்கள் பட்டியல் போட்டார்கள். காமிக்ஸிலிருந்து குழந்தையை மெல்லப் பிரித்துக் கொண்டுவரும் கலை!

1948க்கு வரும்போது இது வெறும் பட்டியலாக நிற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே காமிக்ஸைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஹிட்லரின் ஆட்கள் புத்தகங்களை எரித்து பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த வருடம்தான் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம் களத்துக்கு வருகிறார். இவரை வில்லன் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1946ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், ஏழைக் கறுப்பின மக்களுக்காக லஃபார்க் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் 25 சென்ட். அதுவும் இல்லாதவர்களுக்கு இலவசம். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது அவர்கள் மனதை எப்படிக் காயப்படுத்துகிறது என்று டெலவேர் மாநில வழக்கில் சாட்சி சொன்னார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பில் அடங்கிய வழக்குகளில் அதுவும் ஒன்று.

அதே மனிதரின் காமிக்ஸ் எதிர்ப்புப் புத்தகமான "செடக்ஷன் ஆஃப் தி இன்னசென்ட்" அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்னால், ஏப்ரலில் வெளிவந்தது. தன் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளின் வாக்குமூலங்களை அடுக்கி, சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ் ஒரு முக்கியக் காரணம் என்றார். சில நாட்களில் செனட் உட்குழு விசாரணை. தொலைக்காட்சியிலும் அது வந்தது. அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பதிப்பாளர்கள் பயந்துபோய் தாங்களே ஒரு தணிக்கை விதிமுறையை எழுதிக்கொண்டார்கள். முத்திரை இல்லாத இதழைக் கடைகள் தொட மறுத்தன. பல நிறுவனங்கள் மூடப்பட்டன, வரைந்து பிழைத்த எத்தனையோ பேர் வேலை இழந்தார்கள். நூலகர்கள் இந்தப் புத்தகத்தை அறிவியல் ஆதாரம் என்று நம்பினார்கள். மருத்துவர் சொல்கிறார், குழந்தைகளே சொன்னதாகச் சொல்கிறார், இனி என்ன சந்தேகம்?

சந்தேகப்பட்ட ஆள் ஒருவன் இருந்தான். வயது 14. வாஷிங்டனைச் சேர்ந்த பள்ளி மாணவன் டேவிட் விக்ரான்ஸ்கி. 1948ல் வெர்தாம் எழுதிய கட்டுரைக்கு "சாட்டர்டே ரிவ்யூ" இதழுக்குப் பதில் எழுதி அனுப்பினான். தன்னிடம் 5,212 காமிக்ஸ் இருப்பதாகக் கணக்கு வேறு கொடுத்தான். அவற்றைப் படித்தும் தான் கெட்டுப்போகவில்லை என்பதும், காமிக்ஸ் பிறக்கும் முன்பும் குற்றங்கள் நடந்தன என்பதும் அவன் கட்சி. இதழ் அதைப் பிரசுரித்தது. ஆனால் ஒரு பையன் பேச்சை யார் கேட்பார்கள்? வெர்தாமின் புத்தகத்தில் பேசிய குழந்தைகளைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

அந்தக் குழந்தைகள் உண்மையிலேயே அப்படித்தான் பேசினார்களா என்பது தெரிய ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனது.

வெர்தாம் 1981ல் இறந்தார். அவருடைய காகிதங்கள், சுமார் 200 பெட்டிகள், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2010 வரை பொது ஆய்வாளர்கள் அவற்றைப் பார்க்க அனுமதி இல்லை. தடை விலகியதும் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர்களில் ஒருவர் கரோல் டில்லி. இவர் குற்றவியல் அறிஞரோ மனநல மருத்துவரோ இல்லை. ஒரு காலத்தில் பள்ளி நூலகராக வேலை செய்தவர். இப்போது இல்லினாய் பல்கலைக்கழகத்தில், மேலே நினைவில் வைக்கச் சொன்ன அதே நூலகப் பள்ளியில், நூலகர்களுக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர். காமிக்ஸ் படிக்கும் வாசகர்களுக்கு எப்படி வழிகாட்டுவது என்பதும் அவர் நடத்தும் பாடங்களில் ஒன்று. 1940களின் நூலகர்கள் காமிக்ஸை எப்படிப் பார்த்தார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. வெர்தாம் பொய் சொன்னாரா என்று துப்பறிய அவர் கிளம்பவில்லை.

பெட்டிகளில் மருத்துவமனைக் குறிப்புகள் இருந்தன. பிள்ளைகள் உண்மையில் பேசியதை அன்றே எழுதி வைத்த காகிதங்கள். டில்லி அவற்றைப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். கணக்குத் தணிக்கை படித்தவர்களுக்கு இது பழகிய வேலை. லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் வவுச்சர் இருக்கிறதா, தொகை பொருந்துகிறதா என்று டிக் அடிப்பது மாதிரி. இங்கே வவுச்சரும் லெட்ஜரும் பொருந்தவில்லை.

பலர் சொன்னது ஒருவர் வாயில் வைக்கப்பட்டிருந்தது. ஒருவன் சொன்னது பல பேர் சொன்னதாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வயது மாறியிருந்தது. எடுத்துக்காட்டாக 13 வயதுப் பெண் ஒருத்தி. பள்ளிக்கு மட்டம் போடுபவள், காட்டு ராணி ஷீனாவின் காமிக்ஸை ரசிப்பவள் என்று புத்தகம் சொல்லும். அவளுக்குப் படிப்பதிலேயே கோளாறு இருந்தது, ஒரு கும்பலோடு சேர்க்கை இருந்தது என்பதெல்லாம் குறிப்பில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லை. இன்னொரு இடத்தில் பேட்மேன் கதைகள் ஓரினச் சேர்க்கையைத் தூண்டுகின்றன என்பதற்கு ஓர் இளைஞனின் வாக்குமூலம் சாட்சி. குறிப்பில் பார்த்தால் அது இரண்டு இளைஞர்கள் பேசியது. அவர்கள் ஏற்கெனவே ஒருவரை ஒருவர் நேசித்து வந்தவர்கள். அவர்களை அதிகம் கவர்ந்தது பேட்மேன்கூட இல்லை, டார்சானும் சப்-மரினரும்!

டில்லியின் ஆய்வுக் கட்டுரை 2012ல் வந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் வரை செய்தி போனது. இதற்கிடையே 2011 ஜனவரியில், அந்தப் பழைய தணிக்கை முத்திரையைக் கடைசியாகப் பயன்படுத்தி வந்த நிறுவனங்களும் அதைக் கைவிட்டிருந்தன. முத்திரை செத்த அதே சமயத்தில் அதைப் பெற்றெடுத்த புத்தகத்தின் கணக்கும் தணிக்கையில் தோற்றது. பழைய புத்தகம் சேகரிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு தகவலும் உண்டு. வெர்தாமின் புத்தகம் அச்சான பிறகு, அவர் குறிப்பிட்ட பதிப்பகங்களின் பட்டியல் இருந்த கடைசித் தாளை, வழக்கு வருமோ என்ற பயத்தில், பல பிரதிகளிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்களாம். ஆதாரத் தாளே வெட்டப்பட்ட புத்தகத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு நூலகர்கள் புத்தகம் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் டில்லியின் கண்டுபிடிப்பால்தான் காமிக்ஸ் நூலகத்துக்குள் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் கதவு பாதிக்கு மேல் திறந்திருந்தது. அதைத் திறந்ததில் கொள்கைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பைண்டிங்குக்கும் உண்டு! பழைய காமிக்ஸ் இதழ் ஸ்டேப்ளர் அடித்த மெல்லிய தாள்கள். நான்கு கை மாறினால் கிழிந்துவிடும். அதற்கு முதுகு கிடையாது. முதுகு இல்லாத புத்தகத்தில் நூலகர் எண் சீட்டை எங்கே ஒட்டுவார்? 1978ல் வில் ஐஸ்னரின் "எ காண்ட்ராக்ட் வித் காட்" வந்தது. அதன் பேப்பர்பேக் பதிப்பின் அட்டையில் கிராஃபிக் நாவல் என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் அவர் இல்லை, பரவலாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். கனமான, முதுகுள்ள, அலமாரியில் நிற்கிற புத்தகம். ஐஸ்னர் அதற்கும் முன்பே, 1974ல், நூலகங்களில் காமிக்ஸ் வைக்க வேண்டும் என்று நூலகர்களின் பத்திரிகையில் எழுதியவர். தன் அடுத்த வாடிக்கையாளர் யார் என்று அந்த மனிதருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

பிறகு ஆர்ட் ஸ்பீகல்மேனின் "மௌஸ்". ஹிட்லரின் வதைமுகாமிலிருந்து தப்பிய தன் அப்பாவின் கதையை, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து சொன்னார். 1992ல் சிறப்புப் புலிட்சர் பரிசு. இந்தப் புத்தகம் நூலகர்களுக்குக் கொடுத்த தலைவலி சுவாரசியமானது. இதை எங்கே வைப்பது? டூயி எண்ணில் காமிக்ஸுக்கு உரிய இடம் 741.5, ஓவியத்துக்குப் பக்கத்தில். அங்கே வைத்தால் குரங்கு, வாத்து கார்ட்டூன்களோடு நிற்கும். உள்ளடக்கத்தைப் பார்த்தால் இரண்டாம் உலகப் போர் வரலாறு, 940.53. எலி பேசுகிறது என்பதால் நாவல் பகுதிக்குப் போக வேண்டுமா? நியூயார்க் டைம்ஸ் 1991ல் இரண்டாம் பாகத்தைப் புனைகதைப் பட்டியலில் போட்டது. ஸ்பீகல்மேன் கண்டித்துக் கடிதம் எழுதினார், பத்திரிகை அதைப் புனைவல்லாத பட்டியலுக்கு மாற்றியது. பட்டியலாக்கம் படிக்கும் மாணவனுக்கு இந்த ஒரு புத்தகம் ஒரு வாரப் பாடம்.

2002ல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளைஞர் பிரிவு, தன் வருடாந்திர வாசிப்பு வாரத்துக்கு கிராஃபிக் நாவலையே கருப்பொருளாக வைத்தது. அட்லாண்டாவில் நடந்த பயிலரங்குக்கு ஸ்பீகல்மேனும் நீல் கெய்மனும் வந்து நூலகர்களிடம் பேசினார்கள். ஏற்கெனவே வேலையில் இருந்த நூலகர்கள் வயதான பிறகு காமிக்ஸ் படிக்கக் கற்றுக்கொண்ட காலம் அது. 2007ல் ஜீன் லுவென் யாங் எழுதி வரைந்த "அமெரிக்கன் பார்ன் சைனீஸ்", நூலகர்கள் கொடுக்கும் பிரின்ட்ஸ் விருதைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் ஆனது. 2020ல் ஜெர்ரி க்ராஃப்டின் "நியூ கிட்" நியூபெரி விருதை வாங்கியது. 1922லிருந்து கொடுக்கப்படும் விருது, முதல்முறையாக ஒரு கிராஃபிக் நாவலுக்கு.

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் போக முடியாது. சீர்காழியில் பிறந்து, கணிதம் நடத்தி, 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் 1931ல் வெளியிட்ட ஐந்து விதிகளை அமெரிக்க நூலகப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் இரண்டாவது விதியின் சாரம். காமிக்ஸ் சண்டை முழுவதும் இந்த ஒரு விதியை எப்படிப் படிப்பது என்பதில்தான். அவனுக்குரிய புத்தகம் எது என்று முடிவு செய்வது நூலகரா, அவனா? இன்னொரு வேடிக்கை, ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறைக்கு யோசனை கொடுத்தது லண்டன் கடை ஒன்றில் அவர் பார்த்த மெக்கானோ விளையாட்டுச் சாமான். பொம்மைக் கடையிலிருந்து ஒரு பகுப்பு முறை வரலாம், ஆனால் பத்து சென்ட் இதழ் அலமாரிக்கு வரக்கூடாது என்றால் எப்படி?

காமிக்ஸ் பாடம் வந்த பிறகு நூலகர் வேலை சுலபமாகிவிடவில்லை. படம் என்பது எழுத்தை விடச் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். 300 பக்க நாவலில் ஆட்சேபமான வரியைத் தேட ஒருவர் முழுதும் படிக்க வேண்டும். கிராஃபிக் நாவலில் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் போதும், கூட்டம் கூடிவிடும். 2022 ஜனவரியில் டென்னசியின் மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து "மௌஸ்" புத்தகத்தை நீக்கியது. கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும் காரணமாம். அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிடும், அதிக எதிர்ப்பு வந்த புத்தகங்களின் பட்டியலில் 2021, 2022, 2023 மூன்று வருடமும் முதலிடத்தில் இருந்தது மாயா கோபாபேயின் "ஜெண்டர் க்வியர்". அதுவும் கிராஃபிக் புத்தகமே. புகார் வந்தால் எழுத்தில் வாங்குவது, முழுப் புத்தகத்தையும் படித்த பிறகே குழு முடிவு செய்வது, அதுவரை அலமாரியை விட்டு எடுக்காமல் இருப்பது, இதெல்லாம் நூலகவியல் மாணவர்கள் இன்று படித்துப் போக வேண்டிய பாடம்.

அலமாரியில் ஒரு புத்தகம் இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்பதற்கு ஜான் லூயிஸ் ஒரு சாட்சி. 1956ல், 16 வயதில், அலபாமாவின் ட்ராய் நகரப் பொது நூலகத்தில் உறுப்பினர் அட்டை கேட்கப் போனார். நூலகம் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருடம் மார்ட்டின் லூதர் கிங்கின் மான்ட்கோமரி பேருந்துப் போராட்டத்தைச் சொல்லும் ஒரு மலிவு காமிக்ஸ் வெளியானது. அகிம்சை வழிப் போராட்டத்துக்கு அவரை ஈர்த்தவற்றில் அதுவும் ஒன்று. நூலகம் கொடுக்காததைக் காமிக்ஸ் கொடுத்தது! பின்னாளில் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரான பிறகு தன் போராட்ட வாழ்க்கையை ஆண்ட்ரூ அய்டினோடு சேர்ந்து எழுத, நேட் பவல் வரைய, "மார்ச்" என்ற மூன்று பாக கிராஃபிக் நாவல் வந்தது. 2017 ஜனவரியில் நூலகச் சங்கம் அதன் மூன்றாம் பாகத்துக்கு ஒரே நாளில் நான்கு விருதுகளைக் கொடுத்தது. ட்ராய் நூலகம் அவருக்கு உறுப்பினர் அட்டை கொடுத்தது 1998ல்.

இன்னொரு சம்பவம். 2013 மார்ச்சில் சிகாகோ பொதுப் பள்ளிகளில் மர்ஜானே சத்ராபியின் "பெர்செபோலிஸ்" புத்தகத்தை எடுத்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. ஈரான் புரட்சியில் வளரும் ஒரு சிறுமியின் கதை, சித்திரவதை பற்றிய படங்கள் ஏழாம் வகுப்புக்குப் பொருந்தாது என்றார்கள். லேன் டெக் பள்ளி மாணவர்கள் மழையைக் கூடப் பார்க்காமல் தெருவில் நின்று போராடினார்கள். சத்தம் பெரிதானதும், நூலகத்தில் இருக்கலாம், ஏழாம் வகுப்புப் பாடத்தில் மட்டும் வேண்டாம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. முதலில் அந்த உத்தரவைப் போட்டது யார், எப்படி என்பது தெளிவாகவில்லை. பிறகு ஒரு மாணவர் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் மனுப் போட்டு, அதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டார். நூலகவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தவர் அவர். படித்த இடம், கரோல் டில்லி பாடம் நடத்திய இல்லினாய் நூலகப் பள்ளி.